தாவூத் பாய் அழாத இடம்

குன்னூர் பஜாரில் ஊமைப் படம் ஓட்டிய தகரக் கொட்டகையில், திரையை ஒட்டி ஒரு முக்காலி கிடக்கும். அதில் உட்கார்ந்திருப்பவர் தாவூத் பாய். படத்துக்கு வாய் கிடையாது; அவர்தான் வாய். குதிரை ஓடினால், அவர் மனைவி நபீசா தேய்த்து வழவழப்பாக்கிக் கொடுத்த இரண்டு கொட்டாங்கச்சி. இடி இடித்தால் ஒரு தகரத் தகடு. யாராவது செத்தால் சொந்தத் தொண்டை. ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு எஸ்டேட் சனம் வரும். பாய் அழுதால் கொட்டகையே மூக்கைச் சிந்தும். அதில் மனுஷருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

1928-இல் ஒரு வியாழக்கிழமை நபீசா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அன்றைக்கே அடக்கம். பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள். பாய்க்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. உடம்பு மரத்துக் கிடந்தது. யார் யாருக்கோ அழுத நான் இவளுக்கு அழாமலே இருந்துவிடுவேனோ என்று பயம் பிடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்துவிட்டார். படத்தில் ராணி சாகிற இடம். ராஜா வாயைப் பிளந்தான். பாயும் பிளந்தார். சத்தம் வரவில்லை. ராஜா மாரில் மாரில் அடித்துக்கொள்கிறான். கொட்டகையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து, கொழுந்து பறிக்கிற மருதாம்பாள் ஒப்பாரியை எடுத்தாள். மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். முன்பின் தெரியாத ராணிக்கு அத்தனை பேர் அழுதார்கள். பாய் கல்லாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் கொட்டகை மேனேஜர் சில்வஸ்டர் ஓடிவந்தார். வேலை போயிற்று என்றுதான் பாய் நினைத்தார்.

"ஏனுங்க பாய், இத்தன நாளா இது தெரியாமப் போச்சுங்களே! நீங்க சும்மா இருந்தாத்தான் சனம் அழுவுது. இனி அந்த எடத்துல வாயத் தொறக்காதீங்க."

"சரிங்க" என்றார் பாய்.

ஆக, மரத்துப்போனதற்கும் சம்பளம் என்றாயிற்று. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல? தினமும் ராணி செத்தாள், பாய் சும்மா இருந்தார்.

பன்னிரண்டாம் நாள், ராணி செத்து முடிந்து, கோமாளி குதிரை ஏறுகிற காட்சி. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. தட்டிக்கொண்டே இருந்த பாயின் பெருவிரல், கொட்டாங்கச்சியின் வழவழப்பில் பட்டது. அவள் தேய்த்த இடம். அழுகை பீறிட்டு வந்தது. வாய்விட்டுக் கதறினார். அந்தச் சிரிப்பில் யார் காதிலும் விழவில்லை. கை மட்டும் நிற்கவில்லை. கோமாளி இன்னும் கீழே விழவில்லை. அதுவரை குதிரை ஓடியாக வேண்டும்.