‘செய்தால் நல்லது’: ஒகாவா-சானுக்காக நான் செய்த மொழிபெயர்ப்புகள்

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னை மொழிபெயர்ப்பாளன் ஆக்கிவிட்டார்கள். பட்டமும் தரவில்லை, உட்காரக் கதிரையும் தரவில்லை.

மெல்பேர்ணுக்கு மேற்கே ட்ருகனினாவில் ஒரு வெயர்ஹவுஸ். யப்பானில் இருந்து வரும் இயந்திர உதிரிப்பாகங்களை இறக்கி, அடுக்கி, கடைகளுக்கு அனுப்புகிற இடம். நான் அங்கே பிக்கர். ஓடர் தாளைப் பார்த்து றாக்கில் இருந்து சாமான் எடுப்பவன். விண்ணப்பத்தில் ‘தெரிந்த மொழிகள்’ என்ற இடத்தில் யப்பானிய மொழியையும் எழுதி, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். இந்த நாட்டுக்கு வருவதற்கு முன் ஆறு வருடம் யப்பானில் ஒரு கார்த் தொழிற்சாலையில் நின்றவன் நான். ஏச்சு வாங்கியே படித்த மொழி அது.

எங்கள் மனேஜர் ஒகாவா-சான். ‘சான்’ என்பது மரியாதைக்குச் சேர்ப்பது. ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அழகாக எழுதுவார். பேசச் சொன்னால் ஆமை மாதிரித் தலையை உள்ளே இழுத்துக்கொள்வார். அன்றைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று நடந்தார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஸ்டீவ், சாமான் ஏற்றிய மரத்தட்டுகளான பலெட்டுகளை நாலு அடுக்காக ஏற்றி வைத்திருந்தான். மேல் அடுக்கு ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

“மூன்று அடுக்கோடு நிறுத்தினால் நல்லதோ என்னவோ,” என்றார் ஒகாவா-சான், மெல்லச் சிரித்தபடி.

நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் ஸ்டீவிடம் சொன்னேன்.

“ஷீ’ல் பி ரைட், மேட்,” என்றான் ஸ்டீவ். எல்லாம் சரியாக வரும், பேசாமல் போ என்பதற்கு இந்த ஊர்ப் பேச்சு.

அந்த வாரமே எங்கள் எல்லோரையும் சனிக்கிழமை வரச் சொல்லி, ஒரு பலெட் விடாமல் இறக்கி மூன்று அடுக்காக மறுபடி அடுக்க வைத்தார்கள். ஒகாவா-சானும் கையுறை மாட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் அதே சிரிப்பு. அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது: அடப்பாவி மனிசா, அது யோசனை இல்லை, கட்டளை!

2. என் அட்டவணை

அதன் பிறகு நான் அப்படியே மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டேன்.

யப்பானிய மொழியில் ஒருவருக்குப் புத்தி சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. ‘செய்’ என்று சொல்வதில்லை. ‘ஹோ கா ஈ’ என்று முடிப்பார்கள். ‘செய்தால் நல்லது’ என்று அர்த்தம். ஆசையைச் சொல்வதற்கு ‘தொ ஈ’. ‘இப்படி நடந்தால் நல்லா இருக்கும்’ என்ற மாதிரி. எங்கள் ஆட்களோ புத்தி சொல்லத் தொடங்கினால் ஏச்சில்தான் முடிப்பார்கள். என் சொந்த மாமா எனக்குப் புத்தி சொன்னால் தெரு முழுக்கத் திருந்திவிடும். அப்படி வளர்ந்தவனுக்கு ஒகாவா-சானின் பேச்சு உப்பில்லாத கஞ்சி. ஆகவே உப்பை நானே போட்டேன்.

கார்ட்போட் துண்டு ஒன்றில் அட்டவணை எழுதி என் லொக்கர் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தேன். முதலாம் நிலை, ‘செய்தால் நல்லது’: இன்றைக்கே செய். இரண்டாம் நிலை, ‘செய்தால் நல்லதல்லவா’: நேற்றே செய்திருக்க வேண்டும். மூன்றாம் நிலை, ‘கொஞ்சம் ஓய்வெடுத்தால் நல்லது’: உன் வேலை போய்விட்டது. மூன்றாவதை நான் சும்மா எழுதவில்லை. யப்பானில் என் பக்கத்து மெஷினில் நின்றவனிடம் மேற்பார்வையாளர் இதைத்தான் சொன்னார். அடுத்த மாதம் அந்த மெஷினில் வேறு ஆள்.

மறுபக்கமும் என் கைவண்ணம்தான். “அந்தக் கிழவனை வந்து ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிப் பாக்கச் சொல்லு,” என்று ஸ்டீவ் கெட்ட வார்த்தை இரண்டு சேர்த்துக் கத்துவான். நான் ஒகாவா-சானிடம் திரும்பி, “உங்களோடு சேர்ந்து வேலை செய்யக் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்கிறார்,” என்பேன். அவருக்குக் கண் கலங்கும். ஒருநாள் ஸ்டீவுக்குப் பச்சைத்தேயிலைப் பெட்டி கொண்டுவந்து கொடுத்தார்.

இப்படி நாலு வருடம் போனது. ஸ்டீவ் அவரைக் கொடுங்கோலன் என்று நினைத்தான். அவர் ஸ்டீவைப் பண்பாளன் என்று நினைத்தார். நான் என்னைப் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்தேன்.

3. குகன் அண்ணை தலைக்கு மை பூசியது

குகன் அண்ணை எங்களிலேயே மூத்தவர். அறுபத்தொரு வயது. ஊர் கிளிநொச்சி. படகில் வந்து, விசாவுக்காக வருடக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் கிடைத்த நிரந்தர வேலை இது. பாக்கிங் மேசை அவருடையது. அவர் ஒட்டிய பெட்டியைக் கிரேனில் இருந்து போட்டாலும் பிரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை ஒகாவா-சான் என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டார். மேலே சாமான் வைக்கிற மாடித்தட்டுக்கு ஏறும் படியில் குகன் அண்ணை பாதியில் நின்று இடது தோளைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“குகன்-சான் கொஞ்சம் ஓய்வெடுத்தால் நல்லது,” என்றார் ஒகாவா-சான்.

என் லொக்கர் கதவு கண்முன் வந்தது. மூன்றாம் நிலை!

சாப்பாட்டு நேரம் வரை சொல்லாமல் வைத்திருந்தேன். பிறகு அவருடைய புட்டுப் பெட்டிக்கு முன்னால் போய் இருந்தேன்.

“அண்ணை, ஒண்டு சொல்லுறன், குறை நினைக்கக் கூடாது. மனேஜருக்கு உங்களிலை ஒரு கண் விழுந்திட்டுது.”

“ஏனடாப்பா? நான் என்ன பிழை விட்டனான்?”

“பிழை இல்லை. நீங்கள் களைச்சுப் போனியளாம். இந்த ஆக்கள் அப்பிடிச் சொன்னால், ஆளை நிப்பாட்டப் போகினம் எண்டு அர்த்தம்.”

அவர் கையிலிருந்த புட்டைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டார். “இந்த வயசிலை ஆரடா எனக்கு இன்னொரு வேலை தருவான்?” என்றார். அதற்குப் பிறகு சாப்பிடவில்லை.

அடுத்த நாள் காலையில் அவரை எனக்கு மட்டுக்கட்ட முடியவில்லை. தலை கரிக்கறுப்பு. காது மடல் இரண்டும் கறுப்பு. மனுசன் இரவோடு இரவாக டை அடித்திருக்கிறார். முக்கால் மணித்தியாலம் முந்தியே வந்து நிலத்தைக் கூட்டிவிட்டிருந்தார். பலெட் ஜாக் என்ற கைவண்டியில் வைத்து இழுக்க வேண்டிய பெட்டிகளைத் தோளில் தூக்கினார். மாடித்தட்டுக்கு இரண்டிரண்டு படியாக ஏறினார். ஒகாவா-சான் எந்தப் பக்கம் வந்தாலும் அவருக்கு முன்னால் போய் நின்று, நெஞ்சை நிமிர்த்தி, “குட் மோர்னிங் சேர், நோ டயர்ட்!” என்பார்.

வியாழக்கிழமை ஒகாவா-சான் மறுபடி வந்தார். இந்த முறை சிரிப்பு இல்லை. “சிவம்-சான், குகன்-சான் ஓய்வெடுத்தால் நல்லது. உண்மையாகவே நல்லது. அவரிடம் சொன்னீர்களா?”

“சொன்னேன்,” என்றேன். அதுவும் பொய் இல்லை.

குகன் அண்ணையிடம் போனேன். “அண்ணை, ரெண்டாந்தரமும் சொல்லிப்போட்டார்.”

“பாப்பம்,” என்றார் அவர். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. அந்த நிறம் என் கண்ணில் பட்டது. நித்திரைக் குறைவாக்கும் என்று நினைத்து அடுத்த ஓடரை எடுக்கப் போய்விட்டேன். என்ன மடையன் நான்! இன்றைக்கும் அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போல் இருக்கிறது.

4. ஒகாவா-சான் ஓடிய நாள்

வெள்ளிக்கிழமை பத்தரை இருக்கும். குகன் அண்ணை ஒரு பம்ப் பெட்டியைத் தோளில் வைத்துப் படி ஏறினார். நாலாவது படியில் பெட்டி விழுந்தது. ஐந்தாவது படியில் அவர் அப்படியே குந்தி இருந்துவிட்டார்.

ஒகாவா-சான் ஓடி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஓடும் ஆளே இல்லை அவர். அன்றைக்குத் தன்னுடைய கண்ணாடி அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். வாயில் இருந்து வந்தது யப்பானிய மொழி இல்லை.

“ஸிட்! டோன்ட் மூவ்! ஸ்டீவ், அம்புலன்ஸ்! நவ்!”

நல்லதும் இல்லை, என்னவோவும் இல்லை. ஸ்டீவ் ஃபோர்க்லிஃப்டில் இருந்து குதித்து ஃபோனை எடுத்தான். யாருக்கும் மொழிபெயர்ப்பாளன் தேவைப்படவில்லை. நான் குகன் அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை முழுக்க ஐஸ் வேர்வை.

“சிவம், எழும்பீடுவன் எண்டு அவருக்குச் சொல்லடா,” என்றார் அவர். “களைப்பில்லை எண்டு சொல்லு. நிப்பாட்ட வேண்டாம் எண்டு சொல்லு.”

நான் அவருடைய கையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

5. ஆஸ்பத்திரி

இருதய இரத்தக்குழாயில் இரண்டு அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் ஒரு வாரம் இப்படியே தூக்கிச் சுமந்திருந்தால் ஆளைப் பெட்டியில்தான் பார்த்திருப்போம் என்று குகன் அண்ணையின் மனைவி என்னிடம் அழுதழுது சொன்னா. ஏன் இந்த மனுசன் திடீரென்று தலைக்கு மை பூசினவர், உனக்கு ஏதும் தெரியுமோ என்றும் கேட்டா. தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று எழும்பிப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒகாவா-சான் தன் காரில் என்னைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனார். காருக்குள் எல்லாவற்றையும் கக்கினேன். அட்டவணை, மூன்றாம் நிலை, நாலு வருடப் பொய், ஸ்டீவின் கெட்ட வார்த்தைகள் வரைக்கும். இரண்டு சிக்னல் தாண்டிய பிறகு அவர், தன் அண்ணனும் இப்படித்தான் தோளைப் பிசைந்துகொண்டிருந்தவர், வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை என்றார். அந்த அண்ணன் இப்போது இல்லை. கார் பார்க்கில் எஞ்சினை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“சிவம்-சான், இனிமேல் நான் சொல்வதை மட்டும் சொன்னால் நல்லது.”

அது எந்த நிலை என்று எனக்கு அட்டவணை தேவைப்படவில்லை.

குகன் அண்ணை கட்டிலில் சாய்ந்திருந்தார். தலைமயிரின் அடியில் வெள்ளை எட்டிப் பார்த்தது. எங்களைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். ஒகாவா-சான் கொண்டுவந்த மண்டரின் பழப் பையைக் கட்டில் ஓரம் வைத்துவிட்டு, குனிந்து வணங்கி, மெல்லச் சொன்னார்.

“என்னவாம்?” என்றார் குகன் அண்ணை.

“நீங்கள் கெதியாச் சுகமாகி வந்தால் நல்லா இருக்குமாம்.”

“அப்பிடியெண்டால்? எத்தினையாம் நிலை?” அட்டவணையை அவருக்கும் காட்டிய கெட்டிக்காரன் நான்தான்.

“நிலை ஒண்டும் இல்லை அண்ணை. அவ்வளவுதான். நீங்கள் சுகமாகவேணும் எண்டு ஆசைப்படுறார். உங்கடை வேலை அப்பிடியே இருக்காம்.”

கடைசி வசனத்தை ஒகாவா-சான் சொல்லவில்லை. பயத்தோடு அவரிடம் திரும்பி, வேலையைப் பற்றி நானே சேர்த்துச் சொன்னதை யப்பானிய மொழியில் ஒப்புக்கொண்டேன். அவர் தலையாட்டினார்.

குகன் அண்ணை போர்வையை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். “அப்ப அண்டைக்கும் அந்த மனுசன் சொன்னது இதைத்தானே? களைச்சிருக்கிறன், ஆறச் சொல்லி?”

“ஓம் அண்ணை.”

“விசரா!” என்று ஒரு மண்டரினை எடுத்து எறிந்தார். சரியாக நெற்றியில் பட்டது. அடுத்ததை எடுக்கும்போது அவருடைய கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்தது. ஒகாவா-சான் இன்னொரு மண்டரினை எடுத்துக் குகன் அண்ணையின் கையில் கொடுத்தார்.

இது நடந்து பல வருடமாகிவிட்டது; நானும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். இரண்டு மொழிக்கு நடுவில் நின்று வேலை செய்யப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: சொன்னதைச் சொல்லுங்கள். அர்த்தம் விளங்காவிட்டால் சொன்னவரிடமே திருப்பிக் கேளுங்கள், அட்டவணை எழுதாதீர்கள். குகன் அண்ணைக்கு இப்போது தலை முழுவெள்ளை. சந்திக்கும்போதெல்லாம் என் முகத்தை உற்றுப் பார்த்து, “நீ கொஞ்சம் ஆறினால் நல்லம்,” என்பார். நான் என்ன ஏது என்று கேட்பதில்லை. பக்கத்தில் எந்தக் கதிரை இருக்கிறதோ அதில் உடனே இருந்துவிடுகிறேன்.