நீலமாக வந்த சிப்பி

கல்லுக்கு வயசு சொல்றது எங்க பொழப்பு. சுண்ணாம்புக் கல்லை ஊறவச்சு, சலிச்சு, கடுகைவிடச் சின்ன கடல்சிப்பிகளை நுணுக்குக்காட்டியில தேடணும். எந்தச் சிப்பி எந்தக் காலத்துல வாழ்ந்ததுன்னு தெரிஞ்சா, கல்லோட வயசும் தெரியும். இதே தொழில்ல கண்ணு பூத்துப்போனவங்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

மலைக்கு வந்த கல்லு

எங்க ஆய்வுகூடம் ஹட்டன்ல, ஒரு பேக்கரிக்கு மேல்மாடி. யாழ்ப்பாணத்துக் கல்லு மூட்டையில, ரயில் கோச்சியில வரும். ஒருநாள் மூட்டை தூக்கின அண்ணன், “ஏம்மா, மலையில இல்லாத கல்லா?”ன்னு சிரிச்சார். நம்ம மலைக்கல்லு பூமிக்கடியில வெந்து உருமாறினது, அதுல சிப்பியே மிஞ்சலைன்னேன். மூட்டையை இறக்கி வச்சுட்டு மலையை ஒரு பார்வை பார்த்தார்.

“அப்ப நம்ம கல்லெல்லாம் வயசு தெரியாமயா நிக்குதுங்க, பாவம்!”

கல்யாண போட்டோ

அக்கரப்பத்தனையில எங்க தேயிலைத்தோட்டத்து லய வீட்டுல, “மக கல்லுக்குச் சாதகம் பாக்குது”ன்னு அம்மா சொல்லி வச்சிருக்கு. பக்கத்து வீட்டு சரோஜாக்கா விடலை. ஒரே கல்லுல பல காலத்துச் சிப்பி கலந்திருந்தா என்ன பண்ணுவேன்னு கேட்டாங்க. கல்யாண போட்டோவுல ஒரு கைப்புள்ள இருந்தா, அது பொறந்த பிறகுதானே போட்டோ புடிச்சிருக்கணும்? அதுமாதிரி, கடைசியா பொறந்த சிப்பிதான் கணக்குன்னேன்.

“எங்க கல்யாண போட்டோவுல கைப்புள்ள இருக்கு, நீ அந்தக் கணக்கெல்லாம் போடாத!”

நீலச் சிப்பி

யாழ்ப்பாணத்துல ஊருக்குக் குழாய்க்கிணறு தோண்டுறவர் சிவம் ஐயா. பழைய கல்லடுக்கு வந்ததும் நிப்பாட்டணும், தாண்டினா உப்புத்தண்ணி. பக்கத்து ஊர்க் கிணறு அப்படித்தான் நாசமாப்போச்சு. “பிள்ளை, இன்னும் கிண்டலாமோ?”ன்னு அடிக்கடி போன் பண்ணுவார்.

அவர் அனுப்பின கல்லுல எல்லாம் பழைய சிப்பிங்க, நடுவுல ஒண்ணே ஒண்ணு ரொம்பப் பிந்தின காலத்துச் சிப்பி. அடடா, பழைய அடுக்கு இன்னும் வரலை, தோண்டலாம்னு சந்தோஷமா போனை எடுத்தேன். எங்க ஆய்வுகூடத்து மெடம் நுணுக்குக்காட்டியில குனிஞ்சு பார்த்து, “அது ஏன் நீலமா இருக்கு?”ன்னாங்க.

மறுபடி கண்ணை வச்சுப் பார்த்தேன், நீலமேதான். ஒரு கல்லைச் சலிச்சு முடிஞ்சா, சல்லடையைக் கழுவி நீலச்சாயத்துல முக்கிருவோம். கண்ணியில முந்தின கல்லோட சிப்பி ஒட்டியிருந்தா, நீலமாகிக் காட்டிக்கொடுத்துரும். இது வேற கிணத்துச் சிப்பி! அப்படின்னா ஐயா பழைய அடுக்கை ஏற்கனவே தொட்டுட்டார்.

“ஐயா, நிப்பாட்டுங்க!”ன்னு போன்ல கத்தினேன். நாலஞ்சு நாள் கழிச்சு அவரே கூப்பிட்டார். கேட்டதும் எனக்கு அழுகையே வந்துருச்சு.

“குழாயைத் திறந்து முதல் வாய் நான்தான் குடிச்சனான் பிள்ளை, உப்பில்லை.”

கல்லுக்கு வயசு சொல்றவங்கன்னு நமக்குப் பேரு. ஆனா பாதி ஆயுசு சல்லடை கழுவுறதுலதாங்க போகுது.