செங்கத்துக்குப் போகாத படம்

போன கார்த்திகையில் ஒரு ராத்திரி, அம்பத்தூர் எஸ்டேட்டில் உள்ள ஒரு பத்திரிகை அச்சகத்துக்குக் குடும்பத்தோடு போனோம். மறுநாள் என் மாமனாரின் முதலாம் ஆண்டு நினைவு நாள். பேப்பரில் படத்தோடு விளம்பரம் கொடுத்திருந்தோம். அங்கே வேலை செய்யும் என் கணவரின் நண்பர், "அம்மாவ இட்டுகினு வாங்க, அச்சாவுறத அவங்களே பாக்கட்டும்" என்று அழைத்திருந்தார்.

உள்ளே ஒரே இரைச்சல். மடிந்து மடிந்து வந்து விழும் பேப்பரையே மாமியார் கண்கொட்டாமல் பார்த்தார். நண்பர் ஒன்றை உருவிக் கொடுத்தார். மை காயாத பேப்பரைப் புரட்டினோம். மாமனார் இல்லை. மறுபடியும் புரட்டினோம். தேதி சரிதான், நினைவஞ்சலியில்தான் யார் யாரோ இருந்தார்கள்.

நண்பர் கத்திச் சொன்னார்: "இது திருவண்ணாமலை பதிப்புமா. தூரமா போறது மொதல்ல ஓடிடும். நீங்க குடுத்தது சென்னைக்கு. அது அப்பால வரும்."

"ஒரே பேப்பரு, ஒரே தேதி. ஊருக்கு ஒண்ணாவா போடுவாங்க?" மாமியாருக்குப் புரியவில்லை. எங்களுக்கே அன்றைக்குத்தான் தெரியும். "அப்போ செங்கத்துல யாரும் பாக்க மாட்டாங்களா? சேக்காட்டுல அவர யாருக்குத் தெரியும்?" என்று அங்கேயே அழுதுவிட்டார்.

திருவண்ணாமலைப் பக்கம் செங்கம்தான் அவர்கள் ஊர். மாமனார் ஓய்வு பெற்றதும் இருவரும் சென்னைப் பக்கம் சேக்காட்டுக்கு எங்களிடம் வந்துவிட்டார்கள். மாமியார் முழங்கால் வலியால் அதிகம் வாசலைத் தாண்டுவதில்லை. மாமனார்தான் காலையும் மாலையும் எங்கேயோ சுற்றிவிட்டு வருவார். ஒரு கல்யாணத்துக்காகச் செங்கம் போனவர் அங்கேயே இறந்துபோனார். காரியமும் அங்கேயே முடிந்தது.

மறுநாள் காலை, படத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தபோது காலிங்பெல் அடித்தது. தெருமுனை இஸ்திரிக்காரர், கையில் பேப்பர்.

"இன்னாமா இது, நம்ம பெரியவரு படம்! ஊர்லயே தங்கிட்டாருன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்!" என்றவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து படத்தைக் கும்பிட்டார்.

அவர் போனதும், விளம்பரத்தில் இருந்த முகவரியைப் பார்த்து டீக்கடைக்காரர், அப்புறம் பார்க்கில் கூட நடந்தவர்கள். மாமனார் இறந்தது இவர்கள் யாருக்கும் தெரியாது. இவர்களோடு அவருக்கு இருந்த பழக்கம் எங்களுக்கும் தெரியாது. படையலுக்கு வைத்த சோறு போதாமல் மறுபடி உலை வைத்தேன்.

"இத்தன பேரா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே மனுஷன்!" என்றார் மாமியார். அது கோபமா பெருமையா என்று எனக்குத் தெரியவில்லை.

'உங்களுக்கு எந்த ஊர்?' என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் செங்கம் என்று சட்டென்று சொல்லிவிடுவேன். இப்போது இஸ்திரிக்காரர் முகம் நினைவுக்கு வந்து, செங்கத்தோடு சேக்காட்டையும் சேர்த்துச் சொல்கிறேன்.