சுவரைத் தள்ளிய மாதங்கள்

அந்தப் பங்குனியில் என் வலக்கை தோளுக்கு மேலே எழ மறுத்தது.

நான் புதுக்கோட்டை–கறம்பக்குடி பஸ்ஸில் கண்டக்டர். டிக்கெட் கொடுப்பது பாதி வேலை. கடலை மூட்டையைத் தோளில் ஏற்றி, ஏணியில் ஏறி, வண்டிக் கூரையில் அடுக்குவது மீதிப் பாதி. ஒருநாள் ஒரு மூட்டை நழுவிக் கழுத்தோரத்தை அழுத்தியது. பத்து நாள் வலித்தது. வலி போனபோது கையின் பலமும் கூடவே போயிருந்தது.

எண்ணெய் தேய்க்க வந்த என் மனைவி மீனாட்சி கத்திவிட்டாள்.

“என்னங்க இது, கோழி றெக்கை கணக்கா எலும்பு தூக்கிக்கிட்டு நிக்குது! இங்கிட்டுத் திரும்புங்க, பாப்போம்.”

பிசகு என்று நினைத்து மூன்று வாரம் கட்டுப் போட்டுக்கொண்டேன். கை இன்னும் விறைத்ததுதான் மிச்சம். பஸ் முதலாளி சொல்லிவிட்டார்: “ஆவணி வரைக்கும் பாக்குறேன். அதுக்கு மேல வேற ஆளுதான்.”

புதுக்கோட்டை ஆஸ்பத்திரி டாக்டர், சுவரில் இரு உள்ளங்கைகளையும் ஊன்றித் தள்ளச் சொன்னார். தள்ளினேன். தோள்பட்டை எலும்பு முதுகைவிட்டு விலகி நின்றதாம்.

“எலும்பு ஒடையலை. செரேட்டஸ் தசைக்குப் போற நரம்பு நசுங்கியிருக்கு” என்றார். செரேட்டஸ் (விலா எலும்புகளில் ரம்பப் பல்போலப் பதிந்து, தோள்பட்டை எலும்பை முதுகோடு ஒட்டிப் பிடிக்கும் தசை) என்ற பெயரை அன்றுதான் கேட்டேன்.

“எப்பங்கய்யா சரியாகும்? ஆவணிதான் கெடு.”

“அது முதலாளி ஒங்களுக்கு வச்ச கெடு. நரம்புக்குத் தெரியாது. வருசம்கூட ஆகலாம். அதுவரைக்கும் தோள்ல சுமை கூடாது.”

அவர் கொடுத்தது இரண்டே பயிற்சிகள். மல்லாந்து படுத்து, கையைக் கூரைப் பக்கம் நேரே நீட்டி, முழங்கை மடங்காமல் தோளை மட்டும் ஒரு விரற்கடை மேலே தள்ள வேண்டும். சில வாரம் கழித்து, சுவரில் கையூன்றி அதே தள்ளல். நான் தள்ளும்போதெல்லாம் மீனாட்சி உள்ளங்கையால் அந்த எலும்பை அமுக்கிப் பிடித்துக்கொள்வாள். உலையில் அரிசி கொதித்தாலும் எண்ணிக்கையை விடமாட்டாள்.

போர்க்காலம். பெட்ரோல் இல்லாமல் எங்கள் வண்டி, பக்கவாட்டில் பொருத்திய கரி அடுப்பின் வாயுவில் ஓடியது. ஆலங்குடியில் டிரைவர் கருப்பையா அண்ணன் கரி போட இறங்கியதும், நான் வண்டியின் பின்புறத்தில் கையூன்றிப் பயிற்சி செய்தேன்.

“ஏப்பா, கண்டக்டர் ஒத்த ஆளா வண்டியத் தள்ளுறாருப்பா, எறங்குங்க!” என்றது ஒரு குரல்.

நான் திரும்புவதற்குள் எட்டுப் பேர் என்னோடு சேர்ந்து தள்ளினார்கள். வண்டி நகர்ந்தே விட்டது. கரிக்கூடையோடு அண்ணன் பின்னால் ஓடினார். “நான் இங்கிட்டு நிக்கிறேன், அங்கிட்டு எவன்டா வண்டிய ஓட்டுறது?”

நோய் வந்தபிறகு நான் வயிறு வலிக்கச் சிரித்தது அன்றுதான்.

ஆவணி வந்தது. கை காதுவரைகூடப் போகவில்லை. முதலாளியிடம் அண்ணனே பேசினார்: “இத்தன நாளும் ஏத்துன மாதிரி மூட்டைய நானே ஏத்துறேன் மொதலாளி. இவரு டிக்கெட்டப் பாக்கட்டும்.” முதலாளி முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்.

கார்த்திகையில் ஒரு காலை, சுவரைத் தள்ளிக்கொண்டிருந்தபோது மீனாட்சியின் உள்ளங்கை அசையாமல் நின்றது.

“எலும்புக்கு அடியில என்னமோ எலி ஓடுன மாதிரி இருக்குங்க. இன்னொருக்காத் தள்ளுங்க.”

தள்ளினேன். மறுபடியும் ஓடியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பதினொண்ணு” என்றாள்.

சித்திரையில் கை முழுதாக மேலே போனது. மூட்டையை இப்போது தோளில் வைப்பதில்லை. கயிறு கட்டிக் கூரைக்கு இழுக்கிறோம்.

இதே தொல்லை உள்ளவர்களுக்குச் சொல்கிறேன்: பல மாதம் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். அப்போதும் தள்ளிக்கொண்டிருங்கள். பஸ்ஸுக்கு நிமிடக் கணக்கு பார்த்துப் பழகிய எனக்கு, உடம்பு தன் நேரத்துக்குத்தான் வரும் என்று புரிய ஒரு வருடம் ஆனது.

கை சரியானதும் மீனாட்சி துணி காயப்போடும் வேலையை என் தலையில் கட்டிவிட்டாள். கொடி உயரத்தில் இருக்கிறது. நனைந்த சேலையை வீசிப் போடும்போது, முதுகில் அந்த எலும்பு விலாவோடு ஒட்டி வழுக்கிச் செல்வது எனக்குத் தெரிகிறது. சேலை சரியாக விழுந்த பிறகும், எடுத்து இன்னொரு முறை போடுகிறேன்.