சிறைக்குள் ஒரு பெரட்டு

நாலு பேர் கூடிப் பேசினால் நான் அடுப்படியில் நிற்பேன். கல்யாண வீடோ கருமாதி வீடோ, வெங்காயம் உரிப்பதோடு என் வேலையும் பேச்சும் முடிந்துவிடும். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தேன். அங்கேயும் கை தூக்கிப் பதில் சொன்னதாக ஞாபகம் இல்லை. அப்படிப்பட்டவள் மைக் பிடித்ததற்குக் காரணம் என் பக்கத்து வீட்டுக்காரி.

அவளும் நானும் ஒரே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவர்கள். தோட்டம் விற்றுப் போன பிறகு கோலசிலாங்கூர் பக்கம் அடுத்தடுத்த வீடாக அமைந்தது. அவளுடைய ஒரே மகன் ஜெயிலில் இருக்கிறான். சேர்க்கை சரியில்லை, அதற்கு மேல் இங்கே வேண்டாம். முதல் தடவை பார்க்கப் போனபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவள். போனைக் காதில் வைத்துக்கொண்டு நேரம் முழுக்க அழுதுவிட்டு வந்தாள். அதிலிருந்து அவன் அவளைப் பார்க்க வருவதில்லை. இவளும் விடுவதில்லை. மாதாமாதம் போவாள், பேரைப் பதிவாள், உட்கார்ந்திருப்பாள். அவன் வரமாட்டேன் என்கிறான் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் கோயில் மகளிர் குழு தீபாவளிக்கு முன்னால் அந்த ஜெயிலுக்குப் போய், நம் ஆட்களுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வரும். கைதிகளின் சொந்தக்காரர்கள் அந்தக் கூட்டத்தில் போக முடியாது.

"இந்தத் தடவ நீ போக்கா," என்றாள். "எளச்சிட்டானான்னு பாரு. அடுத்த மாசம் வந்து ஆத்தா மூஞ்சியப் பாருடான்னு ஒரு வார்த்த சொல்லு."

"நானா? பேசவா?"

"பேச வேணாம்லா. முணுமுணுத்தாப் போதும்."

சரி என்று வேனில் ஏறினேன். மடியில் முறுக்கு டின். எல்லோர் மடியிலும் ஒன்று இருந்தது. ஜெயில் வாசலில் வெளிச் சாப்பாடு கூடாது என்று அத்தனையையும் திருப்பி வேனில் ஏற்றச் சொல்லிவிட்டார்கள்.

"அப்ப என்னத்த குடுக்கப் போறோம்?" என்றாள் ஒருத்தி.

"நம்பிக்கையைக் கொடுப்போம்," என்றார் எங்கள் தலைவி. ஓய்வு பெற்ற ஆசிரியை.

"அத யாரும் டின்ல போட்டுக் கொண்டு வரலியே டீச்சர்!"

காவலாளிகூட எங்கள் சிரிப்பைப் பார்த்துச் சிரித்தார்.

உள்ளே பெரிய மண்டபம். ஒரே நிறச் சட்டை, ஒட்ட வெட்டிய தலை, தரையில் வரிசை வரிசையாக ஆண்கள். கடைசி வரிசையில், தூணை ஒட்டி, தலையைக் குனிந்துகொண்டு அவன். இளைக்கவில்லை. கன்னம் கொஞ்சம் உப்பியே இருந்தது. நான் வந்ததை அவனும் பார்த்துவிட்டான். அதனால்தான் அந்தக் குனிவு.

டீச்சர் சேற்றில் பூக்கும் தாமரையைப் பற்றிப் பேசினார். நல்ல பேச்சுதான். இரண்டு மூன்று பேர் தூங்கினார்கள். சாமிப் பாட்டு பாடினோம். பிறகு திடீரென்று டீச்சர், "இந்த அம்மாவும் ரெண்டு வார்த்தை பேசுவாங்க," என்று மைக்கை என் கையில் திணித்துவிட்டார்.

திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன், வாங்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு வார்டர் வரிசையோரமாக நடந்து தலை எண்ணினார். ஒவ்வொருவராகத் தங்கள் எண்ணைச் சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்றவளிடம், "ஏய், நம்ம பெரட்டு மாதிரியே இருக்குலா!" என்றேன். மைக் கையில் இருந்ததை மறந்துவிட்டேன். மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது.

விடியுமுன் எல்லோரும் வரிசையில் நின்று, வேலை வாங்கும் மண்டோர் பேர் கூப்பிடக் கூப்பிடக் குரல் கொடுப்பதற்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பேர். அங்கே பலருக்கு அது தெரிந்திருந்தது. ஒரே சிரிப்பு.

"இங்க தெனமும் பெரட்டுதான் பாட்டி, லீவே கெடையாது!" என்றான் ஒருவன்.

முன் வரிசையில் நரைத்த ஆள் ஒருவர், "எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். நம் ஆட்கள் எங்கே சந்தித்தாலும் கேட்கிற முதல் கேள்வி. சொன்னேன்.

"நான் ஆத்துக்கு அந்தப் பக்கம்! ஒங்க மண்டோருக்குப் பெரிய மீசையில்ல?"

"அவரேதான். மீசைதான் பெருசு, மனசு பஞ்சு."

மீசை மண்டோர் வாயில் வந்ததும் எனக்குப் பயம் போய்விட்டது.

"அந்தப் பெரட்டுல ஒருத்தி தெனம் லேட்டு," என்றேன். "புள்ளைய ஆயாக் கொட்டகையில விடணும். அது சேலையப் புடிச்சிக்கிட்டு விடாது. கையில ஒரு ரொட்டியக் குடுத்துட்டு, பலாமரத்துக்குப் பின்னால நின்னு, அது அழுகைய நிறுத்துன பெறகுதான் ஓடி வருவா. அதுக்குள்ள மண்டோர் அவ பேரக் கூப்புட்டுருவாரு. 'வந்தாச்சுங்க'ன்னு நான்தான் கொரல மாத்திச் சொல்லுவேன். 'ஏம்மா, ஒரு வாயில எத்தன கொரலு வச்சிருக்க?'ன்னு கேப்பாரு. கேட்டுட்டு, அவ செருப்பக் கையில புடிச்சிக்கிட்டு வந்து சேருற வரைக்கும் அந்தப் பக்கமே திரும்பிக்குவாரு."

கை தட்டினார்கள். நான் கடைசி வரிசையைப் பார்க்காமல் சொன்னேன்:

"இப்ப அவ இந்த மாதிரி ஒரு வாசல்ல மாசாமாசம் வந்து உக்காந்திருக்கா. உள்ளேருந்து யாரும் வரல. அன்னிக்கு அவளுக்காக நான் கொரல் குடுத்தேன். இதுக்கு என்னால முடியாதுப்பா. அவ பெத்தவன்தான் வரணும். ஒங்களுக்கெல்லாம் வெளிய யாராச்சும் ஒருத்தவங்க காத்திருப்பாங்க. அவங்கள நிக்க வைக்காதீங்க."

மைக்கைக் கொடுத்துவிட்டு டீச்சருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். கிளம்பும்போது பார்த்தேன். தூணோரம் அவன் சட்டைத் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

வீட்டு வாசலில் அவள் காத்திருந்தாள்.

"எளச்சிட்டானா?"

"கன்னம் உப்பியிருக்கு."

"சொன்னியா?"

"மைக்குல சொன்னேன்."

"மைக்குலயா! நீயா!" கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மெதுவாக, "வருவானாக்கா?" என்றாள்.

அடுத்த மாதம் நானும் கூடப் போனேன். புறப்படும்போது கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள். மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு, அதை எடுக்கத் திரும்பவும் வீட்டுக்குள் போனாள். ஜெராம் தாண்டி லோரி நெரிசல். போய்ச் சேரும்போது உள்ளே அவள் பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பழக்க தோஷம், "வந்தாச்சுங்க" என்று நான் கத்திவிட்டேன். அவள் அந்த வயதில் ஓடினாள்.

இரண்டு கைப்பையையும் மடியில் வைத்துக்கொண்டு வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சீக்கிரமே திரும்பி வந்தால் அவன் வரவில்லை என்று அர்த்தம். அவள் வரவில்லை. கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். வெகு நேரம் கழித்துக் கதவு திறந்தது. முகமெல்லாம் ஈரம், வாயெல்லாம் பல்.

"எனக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்கான்க்கா! போன எடுத்ததும், 'ஏம்மா, இன்னிக்கும் பெரட்டுக்கு லேட்டா?'ங்கிறான்."

"நீ என்ன சொன்ன?"

"ரோட்டுல நெரிசல்னேன். நம்பவே மாட்டேங்கிறான்!"