அம்மா அளக்காத கல் பாத்திரம்

கடைசியாக நானும் அம்மாவும் சேர்ந்து செய்த வேலை, போர்வை மடித்தது. ஆளுக்கு இரண்டு முனை. அவள் பக்கம் எப்போதும் ஒரு விரல் நீண்டுவிடும். பழி என் மேல் விழும்.

"இஞ்சினியர்னு பேரு. ஒரு போர்வைய நேரா மடிக்க வரல."

"நீ இழுக்கிற இழுப்புக்கு எந்தத் துணி நேரா நிக்கும்?"

சில நாளில் அவள் இல்லை. இதயம்.

அம்மா கல்லூரியில் பண்டைய மொழிகள் கற்பித்தவள். ஓய்வு பெற்ற பிறகும் லூவியனை விடவில்லை. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இன்றைய துருக்கிப் பக்கத்து அரசர்கள் கல்லில் படம் படமாகச் செதுக்கிவைத்த மொழி. இன்று பேச ஆளில்லை. அதில் பொருள் தெரியாத ஒரு சொல் அவளைப் பிடித்துக்கொண்டது. இரண்டு கல்வெட்டுகளில் வருகிறது. ஒன்றில் அரசன் சொல்கிறான்: களஞ்சியத்தை நிரப்பினேன், என் தகப்பன் வைத்த அதை நான் சிறிதாக்கவில்லை. மற்றதில் சாபம்: அதைச் சிறிதாக்குகிறவனைத் தெய்வங்கள் விழுங்கட்டும்.

எதை?

அந்தச் சொல் வரும் இடத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் போட்டு உரக்கப் படித்துப் பார்ப்பாள். அதுதான் அவள் முறை. தகப்பன் வைத்த கதவைச் சிறிதாக்கவில்லை. தகப்பன் வைத்த நாற்காலியை.

"மாமியாரப் போட்டுப் பாரு" என்பான் அண்ணன்.

"பார்த்தாச்சு. உன் மாமியார் சிறுசாக மாட்டாங்க."

அவளுடைய பழைய துறைத் தலைவர், வயதில் இளையவர், அது நிலத்தின் எல்லை என்று எழுதியிருந்தார். எங்கள் வீட்டில் அவர் பெயர் எல்லைக்காரர். அம்மாவோ, தானியம் அளக்கும் படி என்றாள்.

"அக்கா, ராஜா பேசினாலும் உங்களுக்குச் சமையல்கட்டு வாசனைதான் வருது" என்றார் எங்கள் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு.

"சாப்பிடாத ராஜா இருந்தா காட்டுங்க தம்பி, எல்லைன்னு ஒத்துக்கிறேன்."

இரண்டு வரிகளிலும் இரண்டு பொருளுமே பொருந்தின. அங்கேயே பல ஆண்டுகள் நின்றாள். பிறகு எங்கள் ஊர் அருங்காட்சியகக் கிடங்கில், என்றோ அந்த நாட்டிலிருந்து வந்த, அதே சொல் பொறித்த இரண்டு கல் பாத்திரங்கள் இருப்பது தெரியவந்தது. குட்டையான ஒன்று உடைந்தது. நெட்டையான ஒன்று முழுசு. எல்லையில் வைத்துப் படையல் போட்ட பாத்திரங்கள் என்றார் எல்லைக்காரர். இரண்டும் ஒரே அளவு கொண்டால் அது படிதான் என்றாள் அம்மா.

உடைந்ததன் விளிம்பு வளைவையும் உயரத்தையும் வைத்து அதன் கொள்ளளவை நான் கணக்கிட்டேன். சொல்ல வாயெடுத்ததும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லாத. தெரிஞ்சா என் கை அதுக்கேத்த மாதிரி கொட்டும். முழுசை நான் அளந்துட்டு வரேன். அப்புறம் ரெண்டையும் பக்கத்துல வெப்போம்."

"தோத்துட்டா?"

"அவருக்கு டீ போட்டுக் கொடுத்து ஒத்துக்குவேன். தோக்க மாட்டேன்."

கல்லில் ஈரம் படக் கூடாது என்று காப்பாளர் சொன்னதால் தண்ணீருக்குப் பதில் கடுகு வாங்கி வைத்திருந்தாள். வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தைய நாள் இறந்துபோனாள்.

அது படிதான் என்று அவள் சொன்னது சரி. எனக்கு அதில் சந்தேகமில்லை. என் கணக்கிலும் பிழையில்லை. ஆனால் எண் தெரிந்த நான் அளக்கக் கூடாது. அந்த எண்ணை அண்ணனிடம்கூட நான் சொல்லவில்லை. முழுசை அளக்க அவன்தான் போக வேண்டும். கடுகுப் பை பிரிக்காமல் இருக்கிறது.