மூதூர் லோஞ்சில் வந்த அரிசி

இன்று நிலாவெளி பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பிள்ளை ஒரு துப்பறியும் நாவல் வாசித்துக்கொண்டு வந்தாள். என்ன கதை என்று கேட்டேன்.

"பொலிஸ்காரன் தன்ர மச்சானையே பிடிக்கிறான் ஐயா. மனுசி கோவிச்சுக்கொண்டு போறா. கடைசியில அவன்ர நேர்மை விளங்கித் திரும்பி வாறா."

நானும் பொலிஸில் இருந்தவன்தான். எழுபதுகளில், ஊர்விட்டு ஊர் அரிசி கொண்டுபோக அரசாங்கத் தடை இருந்த காலம். பிள்ளை பெற்றிருந்த என் மனுசிக்கென்று அவளுடைய தம்பி கிளிவெட்டியிலிருந்து புது அரிசி கொண்டுவந்தான். மூதூரிலிருந்து வரும் பயணிகள் படகான லோஞ்சால் துறையில் இறங்கியவனை நான்தான் மறித்தேன். அரிசியையும் பறித்து, வழக்கும் போட்டேன். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்றார். சொந்தக்காரன் என்று விட்டதாக அவர் நினைக்கக்கூடாதே.

மனுசி கோவிக்கவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"வேற ஆரின்ர பையையாவது திறந்து பாத்தனீங்களோ?"

"ஓம்" என்றேன்.

பொய். அன்று நான் திறந்தது அந்த ஒரு பையைத்தான்.

அவள் காலமாகி ஆறு வருசம். அந்த "ஓம்" இன்னும் அப்படியே கிடக்கிறது.

துப்பறியும் கதை நிறைய வாசிக்கிற ஆக்கள் சொல்லுங்கோ, எந்த நாவலிலாவது மனைவி இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறாளோ?